மூலிகைதானே என்கிற பேச்சு

அன்புள்ள சேகர்,

கடிதம் கிடைத்தது. கஞ்சா புகைப்பதைப் பற்றிக் கேட்டதற்கு "மூலிகைதானே மாமா" என்று உன் அக்கா பையன் சொன்னதாக எழுதியிருந்தாய். கஞ்சா புகைப்பவர்கள் எல்லாருக்கும் புத்தி பேதலித்துவிடும் என்று மட்டும் அவனிடம் சொல்லாதே. அவனுக்குத் தெரிந்த நாலு பேர் நன்றாகத்தான் இருப்பார்கள், அப்புறம் நீ சொல்கிற எதையும் நம்பமாட்டான். எந்த வயதில் ஆரம்பித்தான், எத்தனை நாளைக்கு ஒரு தடவை, சரக்கின் வீரியம் எவ்வளவு, குடும்பத்தில் யாருக்காவது மனச்சிதைவு (இல்லாத குரல் கேட்பது, வீண் சந்தேகம் என்று வரும் மனநோய்) இருந்ததா, இவைதான் கேட்க வேண்டியவை.

சுவீடனில் ராணுவப் பணிக்கு வந்த 45,000-க்கும் மேற்பட்ட இளைஞர்களை 15 ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தார்கள். முடிவு 1987-ல் வந்தது. 18 வயதுக்குள் 50 தடவைக்கு மேல் புகைத்தவர்களிடம் மனச்சிதைவு 6 மடங்கு அதிகம். மற்றக் காரணங்களைக் கழித்த பிறகு அந்த அளவு குறைந்தது, ஆனால் இல்லாமல் போகவில்லை. அன்றைய கஞ்சாவைவிட இன்றையது பல மடங்கு வீரியம். போதை தரும் டிஎச்சி 10 சதவீதத்துக்கு மேல் உள்ளதைத் தினமும் எடுப்பவர்களுக்கு மனச்சிதைவு போன்ற மனநோய் வாய்ப்பு ஏறக்குறைய 5 மடங்கு என்று 2019-ல் வந்த ஐரோப்பிய ஆய்வு சொல்கிறது. 25 வயதுவரை மூளை முதிர்ந்துகொண்டே இருப்பதால்தான் பதின்வயதில் தொடங்குவது எனக்கு அதிகக் கவலை.

தின்பண்டத்தில் கலந்து சாப்பிடுவது இன்னொரு கண்ணி. ஏறுவதற்கு அரை மணியிலிருந்து 2 மணி நேரம் ஆகும். ஒன்றுமே ஆகவில்லையே என்று இன்னொரு துண்டைத் தின்றுவிடுவார்கள். இரண்டும் சேர்ந்து ஏறும்போது நெஞ்சு படபடத்து, செத்துவிடுவோம் என்ற பீதி வரும்.

நீ கவனிக்க வேண்டியது முதலில் தூக்கம். இரவெல்லாம் விழித்திருக்கிறானா? பிறகு சந்தேகம். போன் கேமராமேல் பிளாஸ்திரி ஒட்டுவது, தெருவில் போகிறவர் தன்னைப் பற்றித்தான் பேசுகிறார் என்பது, யாரும் இல்லாதபோது குரல் கேட்பது. இதில் ஒன்று தென்பட்டாலும் காத்திருக்காமல் மனநல மருத்துவரிடம் கூட்டிப்போ. அவன் சொல்வது பொய் என்று வாதாடாதே, ஆமாம் என்றும் தலையாட்டாதே. "உனக்குப் பயமாக இருக்கிறது, தூங்கியும் நாளாச்சு, டாக்டரைப் பார்க்கலாம் வா" என்றால் போதும்.

நிறுத்தினால் ஓரிரு நாளில் எரிச்சல், பசியின்மை, கெட்ட கனவு எல்லாம் தொடங்கும். முதல் வாரம்தான் கடுமை, பெரும்பாலும் 2 வாரத்தில் தணியும், தூக்கம் மட்டும் சரியாக இன்னும் கொஞ்ச நாள் ஆகலாம். கஞ்சாதான் தன்னை அமைதியாக வைத்திருந்தது என்று பையன்கள் இந்த வாரத்தில்தான் முடிவுகட்டி, திரும்பவும் எடுக்கிறார்கள். அந்த எரிச்சலே கஞ்சா விட்டுப்போன தடம் என்பதை அவன் நிறுத்துவதற்கு முன்பே சொல்லிவை. புகையிலை கலந்து புகைப்பவன் என்றால் நிகோடின் ஏக்கமும் சேர்ந்துகொள்ளும், அதையும் மருத்துவரிடம் சொல்ல வேண்டும். தூக்க மாத்திரையை நீங்களாக வாங்கிக் கொடுத்துவிடாதீர்கள்.

அக்கா வீட்டுக்காரர் பக்கத்தில் யாருக்காவது மனச்சிதைவோ, அளவுமீறிய உற்சாகமும் சோர்வும் மாறிமாறி வரும் இருதுருவ மனநோயோ இருந்ததா என்று கேட்டு உடனே எழுது.

அன்புடன்,
ராகவன்