விடியற்காலையை விட்டுக்கொடுத்தவர்களுக்கு நன்றி

அன்புடையீர்,

இந்தப் பருவத்தின் 200 கிலோமீட்டர் ப்ரெவேயை (குறித்த நேரத்துக்குள் முடிக்க வேண்டிய நெடுந்தூர சைக்கிள் பயணத்தை) எங்கள் குழுவில் கிளம்பிய எல்லோரும் நேரத்துக்குள் முடித்துவிட்டோம். முடித்த பெயர் எங்களுக்கு வந்தாலும், அதற்கான வார இறுதிகளைக் கொடுத்தது நீங்கள்தான். யார் என்ன கொடுத்தீர்கள் என்று எல்லோரும் அறியச் சொல்லாவிட்டால் இந்த நன்றி முழுமையாகாது.

முதலில் வீட்டிலிருந்த துணைவர்களுக்கு. “எவ்வளவு தூரம்?” என்று கேட்காமல் “எத்தனை மணிக்கு வருவீங்க?” என்று கேட்டீர்களே, எங்கள் பயிற்சித் திட்டம் அந்தக் கேள்வியில்தான் உருப்பட்டது. தூரத்தைக் குறிவைத்துக் கிளம்புகிறவருக்கு எதிர்க்காற்றும் பஞ்சரும் வந்தால் வீட்டு நேரம்தான் கரையும். திரும்பும் நேரத்தை முதலில் உறுதி செய்துவிட்டால், குறைவது கிலோமீட்டர் மட்டுமே. மணிக்கு 24 கி.மீ. வேகத்தில் 100 கி.மீ. போக 4 மணி 10 நிமிடம் ஆகும். இது சக்கரம் சுற்றும் நேரம் மட்டும். தண்ணீர் நிரப்ப, சிக்னலில் நிற்க, ஒரு டியூப் மாற்ற இன்னும் 40 நிமிடம் வைக்க வேண்டும். 4.30க்குக் கிளம்பினால் 9.20 ஆகிறது. வீட்டில் 9.45 என்று சொல்லிவிட்டுப் போவதே நாணயம்.

பாதை வகுத்துத் தந்த நண்பர்களுக்கு அடுத்த நன்றி. 50 கி.மீ. போய்த் திரும்பும் பாதையைவிட, வீட்டைத் தொட்டுச் செல்லும் 25 கி.மீ. வளையத்தை நான்கு முறை சுற்றச் சொன்னீர்கள். சலிப்பு உண்டு, மறுக்கவில்லை. ஆனால் குழந்தைக்குக் காய்ச்சல் என்று அழைப்பு வந்தால், எங்கே இருந்தாலும் வீடு 12.5 கி.மீ.க்கு மேல் தள்ளி இருக்காது. ஒவ்வொரு சுற்றிலும் வாசலிலேயே பாட்டிலை மாற்றிக்கொள்ளலாம்.

பயிற்சியாளருக்கு நன்றி சொல்ல நிறைய இருக்கிறது. நீண்ட ரைடு இரண்டு வாரத்துக்கு ஒன்று போதும் என்று எங்களை நம்பவைத்தவர் அவர். 200 கி.மீ. ப்ரெவேக்கு 13 மணி 30 நிமிடம் தருகிறார்கள், நிற்கும் நேரமும் அதில் அடக்கம். சராசரியாக மணிக்கு 15 கி.மீ. வந்தாலே போதும். ஆகவே 180 கி.மீ. ஓட்டிப் பார்க்க வேண்டியதில்லை. நாலைந்து மணி நேரம் நிதானமாக ஓட்டிய கால்கள் அதற்குப் பழகிவிடும். இடைப்பட்ட வாரங்களில் 90 நிமிட ரைடுதான்: அதற்குள் இரண்டு முறை 20 நிமிடம், ஒரு மணி நேரம் தாக்குப்பிடிக்கக்கூடிய உச்ச ஆற்றலில் 88 முதல் 94 சதவீதம். நான்காவது வாரம் மொத்த நேரத்தில் மூன்றில் ஒரு பங்கைக் குறைத்தோம்.

அவர் விடாமல் சொன்ன இன்னொன்று சாப்பாடு. மணிக்கு 60 கிராம் மாவுச்சத்து, முதல் அரைமணிக்குள் தொடக்கம், பசிக்கும்வரை காத்திருக்கக் கூடாது. தசையிலும் கல்லீரலிலும் உள்ள சேமிப்பு தீர்ந்து திரும்புகிறவர் மதியம் முழுக்கச் சோபாவிலேயே கிடப்பார். வீட்டுக்கு வந்தும் வராத கணக்குதான். நாலு மணி நேரத்துக்கு 240 கிராம் சாப்பிட்டு வந்தவருக்கு 20 நிமிடக் குட்டித்தூக்கம் போதும். பிள்ளைகளே, உங்களோடு விளையாடத் தெம்பு மிச்சமிருந்தது இதனால்தான். சனிக்கிழமை இரவுகளில் சத்தத்தைக் குறைத்துக்கொண்டதற்கு உங்களுக்குத் தனி நன்றி.

மெக்கானிக் அண்ணனுக்கு: வேலையை முந்தின இரவே முடி என்ற உங்கள் கண்டிப்புக்கு நன்றி. எண்ணெயை இரவே விட்டு மிச்சத்தைத் துடைத்தால்தான் செயின் அழுக்கு சேர்க்காது. 11, 12 கியர் செயின் 0.5 சதவீதம் நீண்டதுமே மாற்றச் சொன்னீர்கள். தள்ளிப்போட்டால் பின் பல்சக்கரமும் சேர்ந்து தேயும். டயரின் பெயர் எழுத்து வால்வுக்கு நேராக வரும்படி மாட்டக் கற்றுக்கொடுத்தீர்கள். டியூபில் ஓட்டை எங்கே என்று தெரிந்தால், டயரில் முள் எங்கே என்று வால்விலிருந்து அதே தூரத்தில் தேடலாம். முள்ளை எடுக்காமல் புது டியூப் போட்டால் அதுவும் போய்விடும். இரண்டு ஓட்டைகள் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால் முள் தேட வேண்டாம். காற்று குறைந்து ரிம்மில் நசுங்கியது அது. கார்பன் டை ஆக்சைடு சிலிண்டரில் நிரப்பியிருந்தால், வீடு வந்ததும் அதை வெளியேற்றிப் பம்பில் சாதாரணக் காற்று அடிக்க வேண்டும். அந்த வாயு ரப்பர் வழியே சீக்கிரம் கசியும்.

பிள்ளைகளை வகுப்புக்கு அழைத்துப்போன தாத்தா பாட்டிகளுக்கும் பக்கத்து வீட்டாருக்கும் எங்கள் வணக்கம்.

அடுத்தது 300 கி.மீ.; 20 மணி நேரம், இருட்டிலும் ஓட்ட வேண்டும். வீட்டு நாட்காட்டியில் தேர்வுகளையும் விசேஷங்களையும் நீங்கள் முதலில் எழுதிவிடுங்கள். மிச்சமுள்ள ஞாயிறுகளில் ஒன்றுவிட்டு ஒன்றைக் கேட்டு வருகிறோம்.

நன்றியுடன்,
உங்கள் சைக்கிள்காரர்கள்