டோரா காத்திருக்கும் அந்தச் சில விநாடிகள்

ஆசிரியருக்கு,

சுட்டி டிவியில் ‘டோராவின் பயணங்கள்’ ஓடிய காலத்தில், ‘குள்ளநரி திருடக் கூடாது’ என்று வீடு அதிரக் கத்தாத பிள்ளைகள் குறைவு. பெரியவர்களுக்கு அது இன்றும் கேலிதான். ஆனால் டோரா கேள்வி கேட்டுவிட்டு, நம்மையே பார்த்தபடி வாய்மூடி நிற்கிறாளே, அந்தச் சில விநாடிகள்தாம் நிகழ்ச்சியின் உயிர். அமெரிக்காவில் 1996-இல் தொடங்கிய ‘ப்ளூஸ் க்ளூஸ்’ என்ற சிறுவர் நிகழ்ச்சி இந்த உத்தியை நன்றாகக் கையாண்டது. ஒரே எபிசோடை வாரத்தில் ஐந்து நாளும் போட்டார்கள். முதல் நாள் கதையைப் பிடிப்பதிலேயே இருக்கும் பிள்ளை, போகப் போக முந்திக்கொண்டு பதில் சொல்லும்.

நம் ஊரில் இதைப் பார்த்துச் செய்பவர்கள் தவறுவது இங்கேதான். கேட்ட வேகத்திலேயே தொகுப்பாளர் பதிலையும் சொல்லிவிடுவார். இல்லையென்றால் அந்த இடைவெளியில் இசையைக் கொட்டுவார்கள். டப்பிங்கில் வசனம் நீண்டுவிட்டால் முதலில் பலியாவதும் இந்த மௌனமே.

கற்பனை விஷயத்தில், ஒரு தெருவில் நடக்கும் அமெரிக்கப் பொம்மை நிகழ்ச்சியான ‘செசமி ஸ்ட்ரீட்’ பட்ட பாடு கவனிக்கத்தக்கது. நிஜமும் கற்பனையும் கலந்தால் குழந்தை குழம்பும் என்று உளவியலாளர்கள் சொன்னதால், தெருக் காட்சிகளில் முதலில் பொம்மைகளே இல்லை. 1969 கோடையில் பிள்ளைகளிடம் போட்டுப் பார்த்தபோது, தெரு வந்ததும் கவனம் கலைந்தது. காட்சிகளை மறுபடி எடுத்தார்கள். பெரிய மஞ்சள் பறவையும், குப்பைத் தொட்டியில் குடியிருக்கும் ஆஸ்கர் என்ற பொம்மையும் தெருவுக்கு வந்தது அப்படித்தான்.

கவனத்தை அளந்த முறையும் எளிது. டிவிக்குப் பக்கத்தில் இன்னொரு திரை. அதில் ஏழரை விநாடிக்கு ஒரு படம் மாறும். பிள்ளையின் கண் எந்த இடத்தில் டிவியை விட்டு அந்தப் படத்துக்குப் போகிறது என்று ஒருவர் குறித்துக்கொள்வார். அந்த இடத்தைத் திருத்துவார்கள்.

2019-இல் தொடங்கிய நம் கல்வித் தொலைக்காட்சி, பள்ளிக்குப் போகாத சின்னஞ்சிறுசுகளுக்குப் பதினைந்து நிமிடத்தில் ஒரு பொம்மை நிகழ்ச்சியை இப்படிச் செய்து பார்க்கலாம். ஒளிபரப்புமுன் ஓர் அங்கன்வாடியில் ஐந்தாறு பிள்ளைகளை ஒவ்வொருவராக உட்காரவைத்துப் போட்டுக்காட்டினால் போதும். கூட்டமாக உட்காரவைத்தால் ஒன்றைப் பார்த்து ஒன்று திரும்பும், குறிப்பு தப்பாகிவிடும். பக்கத்துத் திரைக்கு ஒரு மடிக்கணினி இருந்தாலே ஆயிற்று.

சிறுவர் நிகழ்ச்சி எழுத்தாளர்,
சென்னை