‘அவசரம்’ என்றால் அவசரம் அல்ல

ஆசிரியர் அவர்களுக்கு,

மலையாள நாவல்கள் தமிழில் வருவது பெரிய மகிழ்ச்சி. ஆனால் ‘பக்கத்து மொழிதானே’ என்று பதிப்பகங்கள் குறுகிய கெடு வைப்பதில்தான் கோளாறு தொடங்குகிறது.

மலையாளத்தில் ‘அவசரம்’ வாய்ப்பு, ‘சம்சாரம்’ பேச்சு, ‘வெள்ளம்’ குடிக்கிற தண்ணீர். இவற்றில் சறுக்கினாலும் மெய்ப்பு பார்ப்பவர் பிடித்துவிடுவார். பிடிபடாமல் தப்புவது வினைமுற்று. மலையாள வினையில் பால், எண், இடம் காட்டும் விகுதி கிடையாது. நான் வந்தாலும், அவள் வந்தாலும், நாய் வந்தாலும் ‘வந்நு’தான். எழுவாயை விட்டுவிட்டால் கதவைத் திறந்தது யார் என்று அரைப்பக்கம் மறைத்துவைக்கலாம். தமிழில் ‘திறந்தாள்’ என்றதுமே குட்டு உடைந்துவிடும். அங்கெல்லாம் ‘கதவு திறந்தது’, ‘காலடிச் சத்தம் கேட்டது’ என்று வாக்கியத்தையே மாற்றிப்போட வேண்டும்.

அடுத்தது, ‘அந்த ஆள்’ என்று பொருள்படும் ‘அயாள்’. அதில் ‘அவன்’ என்கிற உரிமையும் இல்லை, ‘அவர்’ என்கிற மரியாதையும் இல்லை. ஒரு பாத்திரத்தை முதல் பக்கம் முதல் கடைசிவரை அந்த ஒரே சொல்லில் சொல்லிவிடலாம். தமிழில் அவனா, அவரா என்று தேர்ந்தாக வேண்டும். தேராமல் தொடங்கினால் மூன்றாம் அத்தியாயத்தில் ‘வந்தான்’, பத்தாம் அத்தியாயத்தில் ‘வந்தார்’. முதல் வரி எழுதுமுன்பே பாத்திரங்களுக்கு அட்டவணை போட்டுவிடுவது நல்லது: யார் யாரை எப்படி அழைக்கிறார்கள், கதைசொல்லி அவர்களை எந்த விகுதியில் சொல்கிறார்.

சொத்து தாய்வழியில் இறங்கும் மருமக்கத்தாயக் குடும்பத்தில் ‘மருமகன்’ சகோதரியின் மகன், சொத்துக்கு உரியவன். அப்படியே விட்டால் தமிழில் மகளின் கணவனாகிவிடுகிறான், பாகச் சண்டையே விளங்காது. ஆங்கிலம் வழியாக வந்தால் இன்னும் மோசம். அம்மாவன் தாய்மாமன், வல்யச்சன் பெரியப்பா, செறியச்சன் சித்தப்பா. மூவரும் ‘அங்கிள்’ ஆகி, தமிழுக்கு ‘மாமா’வாக வந்து சேர்கிறார்கள்.

தகழியின் ‘செம்மீன்’ நாவலைத் தமிழுக்குத் தந்த சுந்தர ராமசாமியும், அவருடைய ‘ஜே.ஜே: சில குறிப்புகள்’ நாவலை மலையாளத்துக்குக் கொண்டுபோன ஆற்றூர் ரவிவர்மாவும் மூலத்தை நேரே படித்தவர்கள். அந்த அடிப்படையைத்தான் இன்றும் கேட்கிறோம்.

பிரதி முடிந்ததும் ஒருவர் மலையாளத்தை உரக்கப் படிக்க, இன்னொருவர் தமிழில் விரல் வைத்துத் தொடர வேண்டும். அடுத்தடுத்த இரு பத்திகள் ஒரே சொல்லில் முடியும் இடத்தில்தான் கண் தாவி ஒரு பத்தி முழுதாகக் காணாமல் போகும். தனியாக உட்கார்ந்து எத்தனை முறை படித்தாலும் அது தெரியாது, ஏனென்றால் தமிழ் வாக்கியம் ஒழுங்காகவே ஓடும். இந்த இரண்டாம் ஆளுக்கும் ஊதியம் உண்டு என்று ஒப்பந்தத்திலேயே எழுதுங்கள். மொழிபெயர்ப்பாளர் பெயரை அட்டையிலும், எந்த மொழியிலிருந்து பெயர்த்தது என்பதை உரிமைப் பக்கத்திலும் அச்சிடுங்கள்.

இப்படிக்கு,
மொழிபெயர்ப்புப் பிரதி திருத்துநர்கள் சிலர்,
நாகர்கோவில்