நவபாஷாணத்துக்கு வரும் யாத்திரைக் குழுவினருக்கு

பரிகாரத்துக்காக வேன் பிடித்துத் தேவிபட்டினம் வருகிற உங்களுக்கும், உங்களைக் கூட்டிவரும் குழுத் தலைவர்களுக்கும் வணக்கம்.

கடலுக்குள் நிற்கும் நவபாஷாணம் என்ற ஒன்பது கற்களைச் சுற்றி, நவதானியம் போட்டு, முழுகி எழுந்து, அப்படியே ராமேஸ்வரத்துக்கோ திருப்புல்லாணிக்கோ கிளம்பிவிடுகிறீர்கள். இதே ஊரில்தான் உலகநாயகி அம்மன் இருக்கிறாள், மகிஷனை வதைத்தவள். பல வண்டிகள் அங்கே நிற்பதே இல்லை. எங்களுக்கு இது பெரிய மனத்தாங்கல்.

சேது கட்டுமுன் ராமர் நவக்கிரகங்களை வேண்டி இந்தக் கற்களை நட்டார் என்ற கதையைக் கேட்டுத்தான் வருகிறீர்கள். அதற்கு முந்திய கதையும் இந்த மண்ணுக்கு உண்டு. அம்பாளோடு போரிட்டுத் தோற்ற மகிஷாசுரன் ஓடிவந்து ஒளிந்தது இங்கிருந்த தீர்த்தத்துக்குள். துரத்தி வந்த அவளுடைய சிங்கம் தண்ணீரை முழுக்கக் குடித்து வற்றவைத்தது. ஒளிய இடமில்லாமல் நின்றவனை அவள் வதைத்தாள் என்று சேதுத் தலங்களின் பெருமை சொல்லும் புராணமான சேது மகாத்மியம் சொல்கிறது. சனி, ராகு, கேது என்று கலங்கி வருகிறவர்களுக்கு இவளைவிடப் பெரிய துணை யார்? அந்த உக்கிரம் நம்மைத் துரத்துவதன் மேல்தான், நம் மேல் இல்லை.

அப்புறம், துணி. உடுத்தி முழுகிய துணியைக் கடலிலேயே விட்டால் தோஷம் கழியும் என்று விட்டுவிட்டுப் போகிறீர்கள். தெற்கே மன்னார் வளைகுடாவை ஆண்கடல் என்றும், இந்தப் பாக் நீரிணையைப் பெண்கடல் என்றும் சொல்வது எங்கள் பக்கத்து வழக்கம். ஆழம் குறைவு, அலையும் அடங்கியிருக்கும். அதனால்தான் குழந்தைகளோடும் வயசானவர்களோடும் இறங்க முடிகிறது. அதே காரணத்தால் நீங்கள் விட்ட புடவையும் வேட்டியும் எங்கும் போவதில்லை. கல்லடியில் சேற்றோடு சேர்ந்து ஊறிக் கிடக்கும், இல்லையென்றால் கரையோரம் தொழில் செய்கிறவர் வலையில் சுற்றிக்கொள்ளும். சிக்கெடுக்கவே நேரம் போய்விட்டால் அவருக்கு அன்றைய பாடு போச்சு. ஒருவர் தோஷம் கழிய இன்னொருவர் வயிற்றில் அடிப்பதை அந்தத் தாய் ஏற்பாளா? ஆடி அமாவாசைக்கும் தை அமாவாசைக்கும் கூட்டமாக வருகிறவர்கள் இதைக் கட்டாயம் யோசிக்க வேண்டும்.

குழுத் தலைவர்களிடம் கேட்பது இதுதான். வண்டியில் ஒரு சாக்கு போட்டு வையுங்கள், ஈரத்துணி அதற்குள் போகட்டும். கோயில் நடை மத்தியானம் சாத்திவிடுவார்கள் என்பதால் காலையிலேயே வந்துவிடுங்கள். முதலில் அம்மனைப் பார்த்துவிட்டு, அப்புறம் கடலுக்கு இறங்குங்கள்.