அந்தப் பதினோரு நொடியை வெட்டிவிட்டேன், அண்ணா

அண்ணா,

நேற்று ராத்திரி படத்திலிருந்து அந்தப் பதினோரு நொடியை எடுத்துவிட்டேன். எது என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பத்து வருஷம் ஆகியிருக்கிறது.

மற்றவர்களும் படிப்பார்கள் என்பதால் காட்டின் பெயரை எழுதவில்லை. இருவாச்சிப் பறவை வருஷா வருஷம் அதே பொந்தைத் தேடி வரும். குஞ்சு திருடுகிறவனுக்கு ஒரு போட்டோ போதும், வழி கண்டுபிடித்துவிடுவான். நீங்கள் சொல்லிக்கொடுத்ததுதான்.

ஆண் பறவை வந்து எதிர்மரத்தில் உட்கார்ந்தது. தொண்டை அத்திப்பழத்தால் புடைத்திருந்தது. லென்ஸ் வழியே அதன் சிவந்த கண்ணைப் பார்த்தேன். நாம் ஒளிந்திருந்த மறைப்பைவிட்டு அந்தப் பார்வை நகரவேயில்லை. பொந்துக்குள் பெட்டை, எச்சத்தால் வாசலைப் பூசி அடைத்துக்கொண்டு, சிறகு இறகுகளையும் உதிர்த்துவிட்டு, அவன் ஊட்டும் பழத்தையே நம்பிக் கிடந்தது. கீறல் வழியாக அலகு நுனி வெளியே வரும், உள்ளே போகும், மறுபடி வரும்.

"எழுந்திரு, போயிடலாம்" என்றீர்கள். "அஞ்சு நிமிஷம்ணா, வெயில் விழப்போகுது" என்றேன். முக்கால் மணி நேரம் ஆனது. வெயில் விழுந்தது. ஆண் பழத்தோடு திரும்பிப் போனது.

படத்தில் அந்த அலகு நுனியைக் காத்திருப்பின் அழகு என்று சொல்ல வைத்தேன். அது பசி. நம்மால் வந்த பசி. மன்னித்துவிடுங்கள்.

ஆனால் அந்தப் படத்தைப் பார்த்துத்தான் எத்தனையோ பிள்ளைகள் அத்திமரத்தை ஏன் வெட்டுகிறார்கள் என்று கேட்டார்கள். அதையும் வெட்டி எறியச் சொல்வீர்களா? மறைப்பை அவ்வளவு கிட்டத்தில் கட்டச் சொன்னது யார்? "அவனுக்குப் பறவையைவிடப் படம் பெரிசு" என்று நீங்கள் சொன்னதாக வேறொருவர் வாயால் கேட்டேன். என் முகத்துக்கு நேரே சொல்லியிருக்கலாம். அதற்குமேல் இங்கே எழுத வேண்டாம்.

2018-ல் பெரிய இருவாச்சியை அழியக்கூடிய இனங்களின் பட்டியலில் சேர்த்தபோது உங்கள் எண்ணை எடுத்துவைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மழையில் சட்டையைக் கழற்றி என் கேமராவுக்குப் போர்த்தியவர் நீங்கள். அப்படியும் அழைக்கத் துணியவில்லை.

அந்தப் படம் எடுத்த மறுநாள் விடிகாலை நீங்கள் மட்டும் தூரத்தில் உட்கார்ந்து ஒலி பதிந்துகொண்டு வந்தீர்கள். நான் ஒன்றும் கேட்கவில்லை. நீங்களும் சொல்லவில்லை. அந்தப் பதிவு உங்களிடம்தான் இருக்கிறது.

அவன் சிறகோசை அதில் இருக்கிறதா, அண்ணா?