டிசம்பர் பையன்

கோவில்பட்டி,
ஞாயிற்றுக்கிழமை காலை

அன்புள்ள சங்கரா,

உன் மெயில் போன வாரமே வந்துவிட்டது. போனில் இரண்டு வரி தட்டிவிட மனசு வரவில்லை. உட்கார்ந்து எழுத வேண்டிய விஷயம் என்று தள்ளிப் போட்டேன். இங்கே எல்லாரும் சுகம். எனக்கு வலது முழங்கால் மட்டும் மாடிப்படியைப் பார்த்தாலே முனகுகிறது. உன் தங்கச்சி, "அண்ணன் இந்த வருஷமாவது ஊருக்கு வர்றாரா, இல்ல பனியிலேயே கிடக்கப் போறாரா" என்று கேட்கச் சொன்னாள். கேட்டுவிட்டேன்.

சரி, பேரன் விஷயத்துக்கு வருகிறேன். ஐஸ் ஹாக்கி டீம் லிஸ்டில் பேர் இல்லை என்றதும் பிள்ளை ரூமைச் சாத்திக்கொண்டான் என்று எழுதியிருந்தாய். மாப்பிள்ளை, "அவனுக்கு உடம்பு பத்தாது, வேற எதுலயாவது சேர்ப்போம்" என்கிறார். நீ என்னைக் கேட்கிறாய்: முப்பது வருஷம் விளையாட்டு வாத்தியாராக விசில் ஊதினவன் நீ, இவனுக்கு விளையாட்டு வருமா வராதா?

நீ அனுப்பிய குரூப் போட்டோவைப் பெரிதாக்கிப் பார்த்தேன். பின்வரிசையில் இரண்டு பேருக்கு மீசை அரும்பியிருக்கிறது. ஓரத்தில் நிற்கும் உன் பேரனுக்கு இன்னும் பால்முகம். தோள்பட்டைக் கவசம் சட்டையை மாட்டித் தொங்கவிட்ட ஹேங்கர் மாதிரி நிற்கிறது. அவன் பிறந்தது டிசம்பர் 9 தானே? இங்கே கார்த்திகை அடைமழை பெய்துகொண்டிருந்தபோது நீ போன் செய்தது நினைவிருக்கிறது. அந்தத் தேதியில்தான் பாதிப் பதில் இருக்கிறது.

உங்கள் கனடா நாட்டு ஹாக்கியில் ஜனவரி 1 முதல் டிசம்பர் 31 வரை பிறந்தவர்கள் எல்லாம் ஒரே செட். ஜனவரி 2-ல் பிறந்தவனும் உன் பேரனும் ஒரே வயது என்று கணக்கு. நடுவில் பதினோரு மாசம் இருக்கிறது. எட்டு வயதில் பதினோரு மாசம் என்றால் சும்மாவா? இதை முதலில் கவனித்ததும் கனடாவில்தான், ஒரு ஹாக்கி மைதானத்தில். ஆல்பர்ட்டா மாகாணத்து லெத்பிரிட்ஜ் ஊரில் 1980-களின் தொடக்கத்தில் ராஜர் பார்ன்ஸ்லி என்ற உளவியல்காரர் மனைவியோடு ஜூனியர் மேட்ச் பார்க்கப் போயிருக்கிறார். மனைவி பவுலா, ஆட்டக்காரர்கள் விவரம் அச்சிட்ட புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருந்தவர், "என்னங்க இது, எல்லாப் பையன்களும் ஜனவரி, பிப்ரவரி, மார்ச்சிலேயே பிறந்திருக்காங்க" என்று காட்டியிருக்கிறார். வீட்டுக்குப் போய் மற்ற டீம்களையும் எடுத்துப் பார்த்தால் எல்லாவற்றிலும் அதே கதை. வருஷக் கடைசியில் பிறந்தவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். 1985-ல் கட்டுரையாக எழுதினார்கள். மேட்ச் பார்க்கப் போன இடத்தில் பிறந்த தேதியைப் படிக்கும் புத்தி நம் வீட்டுப் பெண்களுக்கும் உண்டு, நாம்தான் காது கொடுப்பதில்லை.

"அப்போ ராசிப்பலன்னு சொல்லு" என்று நீ கிண்டல் பண்ணுவாய், தெரியும். ராசி இல்லை. பெல்ஜியத்தில் கால்பந்து வயதுப் பிரிவுக்கு முன்பு ஆகஸ்ட் 1 எல்லைத் தேதியாக இருந்தது. 1997-ல் அதை ஜனவரி 1-க்கு மாற்றினார்கள். உடனே தேர்வாகிற பையன்களின் பிறந்த மாசமும் கூடவே நகர்ந்துவிட்டது. அதுவரை ஆகஸ்ட், செப்டம்பர்ப் பையன்கள் கெட்டிக்காரர்கள்; அப்புறம் ஜனவரி, பிப்ரவரிப் பையன்கள் கெட்டிக்காரர்கள். கிரகம் அப்படியேதான் இருந்தது, ரூல்தான் மாறியது. உன் ஊர்க்காரர்கள் கும்பிடும் ஐஸ் ஹாக்கி ஆட்டக்காரர் கிரெட்ஸ்கி பிறந்தது ஜனவரி 26. நம் குடியரசு தினம் என்பதால் எனக்கு மறக்காது. அவர் மேதை என்பதில் சந்தேகமில்லை. ஆனால் இன்னொரு பெரிய ஆட்டக்காரர் கிராஸ்பி ஆகஸ்டில் பிறந்தவர், அதையும் பேரனிடம் சொல்.

எட்டு வயதில் அந்த ஜனவரிப் பையன் கொஞ்சம் உயரம், கொஞ்சம் வேகம். அவனை நல்ல டீமில் எடுக்கிறார்கள். நல்ல கோச், அதிக மேட்ச், அதிகப் பயிற்சி. நாலு வருஷம் கழித்துப் பார்த்தால் அவன் நிஜமாகவே நல்ல ஆட்டக்காரன். "பார்த்தீங்களா, அன்னிக்கே கண்டுபிடிச்சோம்" என்பார்கள். விதையைப் போட்டு, தண்ணியும் அதற்கே விட்டு, பக்கத்துப் பாத்தி ஏன் காய்ந்தது என்று கேட்பது மாதிரி.

நாம் ஒண்ணாம் வகுப்பில் சேர்ந்த நாள் உனக்கு நினைவிருக்கிறதா? ஹெட்மாஸ்டர் வலது கையைத் தலைக்கு மேலே போட்டு இடது காதைத் தொடச் சொன்னார். நீ சுலபமாகத் தொட்டுவிட்டாய். எனக்கு எட்டவில்லை. தலையை ஒரு பக்கமாகச் சாய்த்து, எப்படியோ நகம் பட்டது. அவர் சிரித்துவிட்டு ஜூன் 1 என்று எழுதினார். நான் பிறந்தது ஐப்பசி. அம்மாவுக்குத் தீபாவளிக்கு முந்தின வாரம் என்று மட்டும்தான் தெரியும். ஆக, பள்ளி முழுக்க நான் என் சர்டிபிகேட்டைவிடச் சின்னவன். ரிலே ஓட்டத்தில் நான் எப்போதும் கடைசி என்று நீ சிரிப்பாயே, ஐம்பது வருஷம் தாமதமாக வக்காலத்து வாங்கிக்கொள்கிறேன். அது மட்டுமா, ஐப்பசி என்று இருந்திருந்தால் நடுவருஷத்தில் ஓய்வு வந்து, கல்வியாண்டு முடியும்வரை மறுநியமனம் கிடைத்திருக்கும். ஜூன் 1 புண்ணியத்தில் மே 31-ம் தேதி மாலையோடு வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். ஒரு வருஷச் சம்பளம் போச்சு.

ஆனால் அந்தக் காதைத் தொடும் சோதனையை இப்போது நினைத்தால் மரியாதை வருகிறது. தேதி தெரியாத காலத்தில் உடம்பைப் பார்த்து வயது சொல்லும் முயற்சி அது. கை வளர்ச்சியும் தலை வளர்ச்சியும் ஒரே வேகத்தில் போவதில்லை என்று யாரோ கவனித்திருக்கிறார்கள்.

பிறந்த தேதி ஒரு கணக்கு, உடம்பு முற்றுவது இன்னொரு கணக்கு. இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது. டிசம்பரில் பிறந்தவனுக்கு முன்னாடியே மீசை முளைக்கலாம். ஜனவரியில் பிறந்தவன் பதினைந்து வரை பாலகனாகவே இருக்கலாம். ஒரே வகுப்பில் உட்கார்ந்திருக்கும் பதிமூன்று வயதுப் பையன்களை எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தால், ஒருவன் எலும்பு பதினொன்று என்கிறது, இன்னொருவன் எலும்பு பதினைந்து என்கிறது. ஆண் பிள்ளைகள் பெரும்பாலும் பதிமூன்று, பதினாலில் விறுவிறுவென்று வளர்கிறார்கள், அந்த ஒரு வருஷத்தில் மட்டும் ஒன்பது, பத்து சென்டிமீட்டர். பெண் பிள்ளைகளுக்கு இது இரண்டு வருஷம் முன்பே வந்துவிடுகிறது. உன் பேரனுக்கு டிசம்பரும் சேர்ந்துகொண்டது, தாமதமாக முற்றும் உடம்பும் சேர்ந்துகொண்டது. இரட்டை அடி.

அதிலும் அவன் போய் நிற்கும் இடத்தைப் பார். உடம்பால் இடித்து ஆடுவதை பதினொன்று, பன்னிரண்டு வயதுப் பிரிவில் கனடா 2013-லேயே தடை செய்துவிட்டது. நல்ல காரியம். ஆனால் அதற்கு அடுத்த பிரிவில், இவன் போய் நிற்கும் பிரிவில், அனுமதி உண்டு. அதாவது ஒருவனுக்கும் இன்னொருவனுக்கும் உடம்பில் அதிக வித்தியாசம் இருக்கிற அதே வயதில் இடிக்க விடுகிறார்கள். லிஸ்டில் பேர் இல்லாதது ஒரு விதத்தில் அவன் தோள் எலும்புக்கு நல்லது என்று தோன்றியது. இதை அவனிடம் சொல்லாதே.

சங்கரா, உன் மெயிலைப் படித்ததும் எனக்கு முதலில் வந்தது கோபம் இல்லை, ஒரு முகம். தொண்ணூறுகளின் கடைசி என்று நினைக்கிறேன். குறுவட்டப் போட்டிக்கு ஹாக்கி டீம் எடுக்கிறேன். கடைசி இடத்துக்கு இரண்டு பையன்கள். ஒருவன் வாட்டசாட்டம், பந்தைத் தள்ளிக்கொண்டு ஓடினால் மற்றவர்கள் தானாக விலகுவார்கள். இன்னொருவன் குள்ளம், ஒல்லி. ஆனால் மட்டை அவன் கையில் பேசும். மணிக்கட்டை மட்டும் ஒரு திருப்பு திருப்புவான், எதிரில் நிற்பவன் வேறு பக்கம் போய்க்கொண்டிருப்பான். நான் பெரியவனை எடுத்தேன். "அடுத்த வருஷம் பார்க்கலாம்டா" என்று சின்னவனிடம் சொன்னேன். அடுத்த வருஷம் அவன் தீப்பெட்டி ஆபீசுக்குப் போய்விட்டான்.

பெரியவன் கதையும் நல்லபடி முடியவில்லை. பதினேழு வயதில் மற்ற பையன்கள் எல்லாம் அவன் உயரத்துக்கு வந்துவிட்டார்கள். தோளால் தள்ளிப் போகவே பழகினவனுக்குப் பந்தை மறைக்கத் தெரியவில்லை, கொடுத்து வாங்கத் தெரியவில்லை. தேவைப்படவே இல்லையே, எப்படிக் கற்றிருப்பான்? ப்ளஸ் டூ-வில் விளையாட்டையே விட்டுவிட்டான். சின்னவனைப் பத்து வருஷம் கழித்து திருநெல்வேலி பஸ்ஸில் பார்த்தேன். கண்டக்டர். ஆறடி இருப்பான், கூரையில் இடிக்காமல் குனிந்தே வந்தான். முகம் எனக்குப் பிடிபடவில்லை. டிக்கெட்டைக் கிழிக்கும்போது மணிக்கட்டை ஒரு திருப்பு திருப்பினான், அப்போதுதான் தெரிந்தது. அவன் என்னை அடையாளம் கண்டானா தெரியாது. சில்லறையைக் கொடுத்துவிட்டு அடுத்த சீட்டுக்குப் போனான். நானும் ஒன்றும் கேட்கவில்லை.

இங்கே நம் பிரச்சினை வேறு மாதிரி. சர்டிபிகேட்டையே திருத்திவிடுகிறார்கள். அதனால் இந்திய கிரிக்கெட் வாரியம் 16 வயதுக்குட்பட்ட பையன்களுக்கு இடது மணிக்கட்டை எக்ஸ்ரே எடுத்து எலும்பு வயது பார்க்கிறது. 2015-ல் டெல்லியில் பட்டோடி நினைவுச் சொற்பொழிவில் ராகுல் டிராவிட் இதைப் பற்றித்தான் வருத்தப்பட்டார். வயதை மறைத்தவன் திறமையால் அல்ல, பலத்தால் இடம் பிடிக்கிறான், நேர்மையாக வந்த பையன் மனசு விட்டுப் போகிறான் என்று. நியாயம்தான். ஆனால் அந்த எக்ஸ்ரேயில் இன்னொரு சங்கடமும் உண்டு. ஒரு பொய்யும் சொல்லாத பையனுக்கு எலும்பு சீக்கிரம் முற்றியிருந்தால் அவனும் வெளியே நிற்க வேண்டியதுதான்.

இதற்கு வழி தேடாமலும் இல்லை. இங்கிலாந்தில் பிரீமியர் லீக் கால்பந்து அகாடமிகள் சில போட்டிகளில் வயதை விட்டுவிட்டு, பையன் முழு உயரத்தில் எத்தனை சதவீதம் எட்டியிருக்கிறான் என்று கணக்கிட்டுச் சேர்த்து ஆடவிட்டுப் பார்த்தன. எக்ஸ்ரே வேண்டாம், பிள்ளையின் உயரம், எடை, அப்பா அம்மா உயரம் போதும். நம்மூர் கபடிக்காரர்கள் ரொம்ப காலமாக எடை மெஷினை வைத்துக்கொண்டு கிட்டத்தட்ட இதைத்தானே செய்கிறார்கள்! (எடை குறைக்க முந்தின நாள் பட்டினி கிடக்கும் கூத்து தனிக் கதை.) எனக்கு ரொம்பப் பிடித்தது நெதர்லாந்துக்காரர்கள் கால்பந்தில் செய்தது. தேர்வாளர்களிடம் பிறந்த தேதிப் பட்டியலைக் கொடுத்தார்கள், ஒரு பிரயோஜனமும் இல்லை. அப்புறம் வயது வரிசைப்படி சட்டை நம்பர் போட்டு, அதைத் தேர்வாளர்களிடம் சொல்லி, ஆடவிட்டார்கள். பாரபட்சம் போய்விட்டது. கண் பார்ப்பதைத்தானே மனசு நம்புகிறது. எனக்கு அந்தக் காலத்தில் இது தெரிந்திருந்தால் ஒரு மார்க்கர் பேனா செலவோடு போயிருக்கும்.

ஆக, பேரன் ஆட்டத்தை விட வேண்டாம். அங்கே பெரிய ஐஸ் ஹாக்கி லீக்கான என்.எச்.எல்.-ல் கிளப்புகள் இளம் ஆட்டக்காரர்களை வரிசையாகத் தேர்ந்தெடுக்கும் டிராப்டை ஆராய்ந்தவர்கள்கூட, வருஷக் கடைசியில் பிறந்தவர்களைக் கிளப்புகள் தாமதமாக எடுக்கின்றன, எடுத்த இடத்துக்கு மேலேயே அவர்கள் ஆடுகிறார்கள் என்றுதான் சொல்கிறார்கள். பெரிய பையன்களுக்கு நடுவில் பிழைத்து வருபவனுக்குத் தலை வேலை செய்தாக வேண்டும். அதற்காக இவன் நிச்சயம் வருவான் என்று நான் ஜோசியம் சொல்லவில்லை. பெரும்பாலானவர்கள் வருவதில்லை, ஜனவரிப் பையன்களும் சேர்த்து. சாதாரண லீக்கில் சந்தோஷமாக ஆடட்டும், பந்து அதிக நேரம் அவனிடம் இருக்கும்.

பந்து இல்லை, அந்தக் கறுப்பு வட்டு. பழக்கதோஷம்.

ஒரு காரியம் செய். கதவு நிலையில் பென்சிலால் கோடு போட்டு மூணு மாசத்துக்கு ஒரு தரம் உயரத்தைக் குறித்து வை. கோடுகள் திடீரென்று தள்ளித் தள்ளி விழ ஆரம்பித்தால் எனக்கு எழுது. அந்த நேரத்தில் காலும் கையும் அவன் சொன்னபடி கேட்காது, முழங்காலுக்குக் கீழே வலிக்கும். அப்போது "சோம்பேறி" என்று மாப்பிள்ளை திட்டாமல் பார்த்துக்கொள். ஓட்டத்தைக் குறைக்கச் சொல்.

உன் மகள் உயரம் எனக்குத் தெரியும், கல்யாணத்தில் பார்த்ததுதான். மாப்பிள்ளை எத்தனை சென்டிமீட்டர்? கேட்டு எழுது, செருப்பைக் கழற்றிவிட்டு அளக்கச் சொல். கடலை மிட்டாய் இரண்டு கிலோ பார்சல் போட்டிருக்கிறேன், வந்ததும் சொல்.

அன்புடன்,
முருகேசன்