மாம்பழ அட்டையில் கடல் கூடாதா? – ஓவியக் கண்காட்சித் தேர்வுக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய தேர்வுக் குழுவினருக்கு,

வணக்கம். கிருஷ்ணகிரி, காவேரிப்பட்டணம், பர்கூர் பக்கம் போர்டு எழுதியும் லாரி பாடிக்குப் பூ வரைந்தும் பிழைக்கிறவர்கள் நாங்கள். விஷயம் உங்களுக்குத் தெரிந்ததுதான். கிரானைட் லாரியில் துறைமுகம் போய்வந்த பெரியவரின் பதினொரு கடல் படங்கள் வாசலோடு திரும்பின. "கேன்வாஸ் அல்லது கார்ட்ரிட்ஜ் தாள், 18க்கு 24 அங்குலம்" என்று விதியைக் காட்டினார்கள். மேலே இருந்த ஒன்றை மட்டும் பார்த்துவிட்டு, "கப்பல் வீட்டைவிடப் பெரிசா இருக்கே" என்று ஒருவர் சிரித்தாராம்.

எங்கள் கோரிக்கை ஒன்றே. அட்டையோ பலகையோ தகரமோ, எதில் வரைந்திருந்தாலும் படத்தைப் பார்த்துவிட்டு முடிவு சொல்லுங்கள். விதியில் அந்த ஒரு வரியை எடுத்துவிடுங்கள்.

"இதையே கேன்வாஸில் வரைந்து கொண்டுவாங்க" என்று பெரியவரிடம் சொல்லியிருக்கிறீர்கள். அதுதான் எங்களுக்கு ஆறவில்லை. அவர் வரைவது மாம்பழப் பெட்டியின் மடிப்பு அட்டையில். ஒரு பக்கம் சரிவாக வெட்டியிருந்தால் அந்தச் சரிவே கரை ஆகிவிடும். அட்டையின் பழுப்பைப் பல இடத்தில் அப்படியே விட்டிருப்பார். மணல் அதுதான், தோணியின் பலகையும் அதுதான். பெயின்ட்டோ, லாரிப் பட்டறை டப்பாக்களின் அடியில் மிஞ்சிய எனாமல். அதை வெறும் துணியில் பூசினால் எண்ணெய் இறங்கி நாளடைவில் நூல் இற்றுப்போகும். அதனால் முதலில் பசை பூசி, மேலே இரண்டு கோட்டு பிரைமர் அடிக்க வேண்டும். அடித்ததும் துணி வெள்ளை, பழுப்பு போயிற்று. போதாததற்குத் துணி தொய்யும், இழுபடும். காய்ந்து இறுகிய எனாமல் அதில் வெடிக்கும். சட்டம், துணி, பிரைமர் என்று பதினொரு படத்துக்கு ஆகும் செலவை யார் கொடுப்பார்கள் என்று நாங்கள் கேட்கவில்லை. கொடுத்தாலும் அந்தப் படம் திரும்ப வராது.

அட்டை நிலைக்காது என்பது உங்கள் கவலையானால் அது நியாயம்தான். ஒரு பக்கம் மட்டும் பெயின்ட் ஏறினால் அட்டை சுருளும். பின்பக்கமும் ஒரு மெல்லிய கோட்டு கொடுத்து, வெட்டிய ஓரங்களை அடைத்து, நன்றாகக் காய்ந்தபின் இரண்டு பலகைக்கு நடுவே எடை வைத்தால் நிமிரும். எனாமலை டர்பன்டைனில்தான் இளக்க வேண்டும்; தின்னர் ஊற்றினால் அடிக்கோட்டு கிளம்பிவிடும். தடிமனாகப் பூசினால் மேலே ஆடை கட்டிச் சுருங்கும், உள்ளே ஈரம் நிற்கும். மைதாப் பசையில் ஒட்டினால் கரப்பான் தின்னும், அதனால் மயில்துத்தம் கொஞ்சம் சேர்ப்போம். கண்ணாடி போட்டால் படத்துக்கும் கண்ணாடிக்கும் நடுவே கால் அங்குல ரீப்பர் (மெல்லிய மரச்சட்டம்) வேண்டும். இல்லையென்றால் நம் ஊர்ச் சித்திரை வெயிலில் இரண்டும் ஒட்டிக்கொள்ளும். பதினொன்றுக்கும் இதையெல்லாம் கூலியில்லாமல் செய்து தருகிறோம்.

ஆல்ஃபிரட் வாலிஸ் பெயர் உங்களில் ஓவியம் படித்தவர்களுக்குத் தெரிந்திருக்கும். 1855இல் பிறந்தவர். கடலில் வேலை பார்த்தவர், பிறகு இங்கிலாந்தின் செயின்ட் ஐவ்ஸ் ஊரில் பழைய கயிறும் இரும்பும் வாங்கி விற்றவர். 1922இல் மனைவி இறந்த பிறகு, எழுபது வயதை ஒட்டித்தான் தூரிகை எடுத்தார். கடைக்காரர்கள் கொடுத்த பெட்டி அட்டை, படகுக்கு அடிக்கும் பெயின்ட், நாலைந்து நிறம். அட்டை எப்படிக் கிழிந்திருந்ததோ அப்படியே வரைந்தார், அடிநிறத்தையும் விட்டுவைத்தார். முக்கியமான கப்பல் பெரிது, மற்றது சிறிது. 1928இல் ஓவியர்கள் பென் நிக்கல்சனும் கிறிஸ்டஃபர் வுட்டும் தெருவில் போகும்போது திறந்த கதவு வழியே பார்த்திருக்காவிட்டால் யாருக்கும் தெரிந்திருக்காது. அவர்களும் 18க்கு 24 கேட்டிருந்தால்? இன்று கேம்பிரிட்ஜில் கெட்டில்ஸ் யார்டு கலைக்கூடத்தில் அந்த அட்டைகள் சட்டம் போட்டுத் தொங்குகின்றன. ஆனால் 1942இல் அவர் இறந்தது ஆதரவற்றோர் விடுதியில். அதையும் சேர்த்துத்தான் சொல்கிறோம்.

அளவு விகிதம் பற்றிச் சிரித்தவருக்கு ஒரு வேண்டுகோள். தர்மபுரி அருங்காட்சியகத்தில் நடுகற்களை ஒருமுறை பார்த்துவரச் சொல்லுங்கள். தொறு, அதாவது மாட்டு மந்தை, மீட்டு உயிர்விட்ட வீரன் கல் முழுக்க நிற்பான், மாடுகள் மூலையில் பொடியாக இருக்கும். நம் மண்ணில் அதற்குப் பெயர் பிழையில்லை, மரியாதை. அந்தக் கற்களையும் உங்கள் குழுவுக்கு அனுப்பியிருந்தால் "கேன்வாஸில் இல்லை, மாடு சின்னது" என்று எழுதித் திருப்பியிருப்பீர்களோ என்னவோ. நம் மல்லப்பாடிப் பாறையில் அந்தக் காலத்தில் வெள்ளையில் வரைந்தவன் தப்பித்தான்; பாறையைத் தூக்கிக்கொண்டு வர முடியாது. பிளக்ஸ் வந்து எங்கள் கையை முடக்கியபோதுகூட இவ்வளவு வலிக்கவில்லை. பிளக்ஸ் மிஷினுக்குக் கண் கிடையாது என்று சமாதானம் சொல்லிக்கொண்டோம். நீங்கள் கண் இருப்பவர்கள்.

கடைசி வரிகள் கொஞ்சம் சூடாகிவிட்டன, பொறுத்துக்கொள்ளுங்கள். கேட்பது பழையதேதான்: எதில் வரைந்தது என்ற வரியை எடுத்துவிட்டு, பதினொரு படத்தையும் வெளிச்சத்தில் வைத்து ஒருமுறை பார்க்க வேண்டும். பார்த்தபின் வேண்டாம் என்றால் வேண்டாம், அதில் எங்களுக்கு வருத்தமில்லை. தேதி சொன்னால் நாங்களே கொண்டுவருகிறோம். மழை நாளாக இருந்தால் மட்டும் ஒருநாள் தள்ளி வையுங்கள். அட்டைக்கு ஈரம் ஆகாது.

இப்படிக்கு,
போர்டு எழுதும் ஓவியர்கள்,
கிருஷ்ணகிரி வட்டாரம்